தண்டம் யார் தலையில்?

(திறந்தவெளியில் எரிப்பதற்கான சட்டத் தண்டனைகள் குறித்து ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



வயலிலோ தெருவிலோ சட்டத்தை மீறி எரிப்பவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் சட்டப் புத்தகங்கள் தரும் விடைகளை முதலில் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், பிறர் உடல்நலத்துக்குக் கேடு வரும்படி காற்றைக் கெடுப்பவருக்கு 278ஆம் பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம் விதித்தது. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அதே குற்றத்துக்கு 280ஆம் பிரிவில் 1,000 ரூபாய் வரை என்கிறது. ஒன்றரை நூற்றாண்டு கடந்து தொகை இரு மடங்காகியிருக்கிறது. அதே நாட்டில், 2020 அக்டோபரில், தலைநகர்ப் பகுதியின் காற்றைக் காக்கவென்று ஓர் அவசரச் சட்டம் வந்தது. அதன் கட்டளைகளை மீறுவோருக்கு 5 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்றது. ஆயிரம் ரூபாய்க்கும் ஒரு கோடி ரூபாய்க்கும் நடுவில் எங்கோ சரியான தொகை ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டெடுத்துவிட்டால் புகை அடங்கிவிடும் என்ற நம்பிக்கையில்தான் நம் சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும் இந்தப் பத்தாண்டைக் கழித்திருக்கின்றன.

அந்தத் தேடல் தவறான இடத்தில் நடக்கிறது என்பதே இன்று நான் நிறுவ முயலும் கருத்து. தண்டத்தின் அளவைவிட, அது யார்மேல் விழுகிறது என்பதும், எவ்வளவு உறுதியாக விழுகிறது என்பதும் பல மடங்கு முக்கியமானவை. தீ மூளாமல் தடுக்கும் வசதியும் அதிகாரமும் யார் கையில் இருக்கின்றனவோ, அவர் முதலில் பதில் சொல்லும்படி தண்டனைச் சட்டம் மாற வேண்டும். தீக்குச்சியைக் கிழித்தவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்தான். ஆனால் வரிசையில் அவர் முதல்வர் அல்லர். இதற்கான சான்றுகளைப் பெரும்பாலும் பஞ்சாப், ஹரியானா மாநிலங்களிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் எரிப்புக்கான தண்டனையை இத்தனை முறை மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்த்த நிலப்பகுதி வேறில்லை. பிறகு நகரத்துக் குப்பைக்கு வருவேன்.

1. தொகை ஏறியது, தீ அந்தக் கணக்கைப் பின்பற்றவில்லை

நெல் அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் அரிதாளையும் சிதறிக்கிடக்கும் வைக்கோலையும் எரிப்பவருக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் இழப்பீடு என்ற பெயரில் ஒரு கட்டணப் பட்டியலை வகுத்தது. 2 ஏக்கருக்குக் குறைவான நிலம் வைத்திருப்பவருக்கு 2,500 ரூபாய். 2 முதல் 5 ஏக்கர் வரை 5,000. அதற்கு மேல் 15,000. ஐந்து ஆண்டுகள் இந்தப் பட்டியல் நடைமுறையில் இருந்த பிறகும், 2020இல் பஞ்சாபில் மட்டும் அறுவடைக் காலத்தில் செயற்கைக்கோள்கள் பதிவு செய்த வயல் தீ 83,002. அந்த ஆண்டு அக்டோபரில்தான் நான் முன்னர் சொன்ன அவசரச் சட்டம் வந்தது. வேளாண் சட்டங்களை எதிர்த்துத் தில்லியின் எல்லையில் திரண்ட உழவர்களின் கோரிக்கைகளில் அதிலிருந்து விலக்கும் ஒன்று. டிசம்பர் இறுதிப் பேச்சுவார்த்தையில் அரசு அதற்கு இசைந்தது. 2021இல் நிறைவேறிய காற்றுத் தர மேலாண்மை ஆணையச் சட்டம், பயிர்க்கழிவை எரிக்கும் உழவர்களைச் சிறைத் தண்டனைப் பிரிவிலிருந்து விடுவித்து, இழப்பீட்டை மட்டும் 15ஆம் பிரிவில் வைத்துக்கொண்டது. 2024 நவம்பரில் இழப்பீட்டுத் தொகைகள் இரட்டிப்பாகி 5,000, 10,000, 30,000 ஆயின.

இதே காலத்தில் பஞ்சாபின் தீ எண்ணிக்கையைப் பாருங்கள். 2021இல் 71,304, 2022இல் 49,922, 2023இல் 36,663, 2024இல் 10,909, 2025இல் 5,114. சிறைத் தண்டனை நீங்கிய பிறகு எண்ணிக்கை ஏறவில்லை, இறங்கத் தொடங்கியது. தொகை இரட்டிப்பானதற்கு மூன்றாண்டு முன்பே சரிவு ஆரம்பமாகிவிட்டது. 2024இல் தொகை ஏறிய அறிவிப்பு வந்தபோது அந்தப் பருவத்து அறுவடையின் பெரும்பகுதி முடிந்திருந்தது. ஆகவே, அபராதத்தைக் கூட்டினோம், தீ குறைந்தது என்ற எளிய கதைக்கு இந்த வரிசை இடம் தரவில்லை. 2018 முதல் ஒன்றிய அரசு வைக்கோல் மேலாண்மை இயந்திரங்களுக்குத் தனி உழவருக்கு 50 விழுக்காடும், கூட்டுறவுகளுக்கும் வாடகை மையங்களுக்கும் 80 விழுக்காடும் மானியம் தந்துவந்தது. இயந்திரங்கள் ஊருக்குள் வந்து சேர்ந்ததற்குச் சரிவில் ஒரு பங்கு உண்டு என்று கொள்வது நியாயம். ஆனால் இந்த எண்களையே முழுதாக நம்ப முடியுமா என்ற கேள்வி அடுத்த கருத்துக்கு நம்மைக் கொண்டுபோகிறது.

2. உறுதியில்லாத பெருந்தண்டம் தீயை அணைக்காமல் மறைக்கிறது

வயல் தீயைக் கணக்கிடப் பயன்படும் துருவச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் வட இந்தியாவைப் பகல் 1.30 மணியை ஒட்டிக் கடந்து செல்கின்றன. அந்த நேரத்தில் எரிந்தால் கணக்கில் வரும். நான்கு மணிக்கு எரிந்தால் வராமல் போகலாம். ஐஃபாரஸ்ட் என்ற ஆய்வு அமைப்பு, ஒரே பகுதியின் மேல் நிலைகொண்ட செயற்கைக்கோளின் தரவை வைத்து 2025 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பஞ்சாபின் பெரிய வயல் தீகளில் பிற்பகல் 3 மணிக்குப் பின் மூட்டப்பட்டவை 2021இல் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். 2024, 2025 ஆண்டுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல். தீ எண்ணிக்கை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனதாக அரசுக் கணக்கு சொல்ல, எரிந்த நிலப்பரப்போ நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் குறைந்திருக்கிறது என்பது அந்த ஆய்வின் முடிவு. இதுவும் முன்னேற்றமே. ஆனால் கணக்கில் குறைந்ததற்கும் மண்ணில் குறைந்ததற்கும் இடையே இருக்கும் பள்ளத்தை, பிடிபடாமல் எரிக்கக் கற்றுக்கொண்டவர்கள் நிரப்பியிருக்கிறார்கள்.

குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கடுமையைவிட அதன் உறுதி என்று இத்தாலியச் சட்ட அறிஞர் செசாரே பெக்காரியா 1764இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அதன்பின் வந்த குற்றவியல் ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கின்றன. வயல் தீயில் இந்த உண்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. தண்டனை கடுமையாக ஆக, அதை விதிக்க வேண்டிய கை தயங்குகிறது. பஞ்சாபில் எரிந்த நிலத்தின் வருவாய்ப் பதிவேட்டில் சிவப்புக் குறிப்பு எழுதும் நடைமுறை இருக்கிறது. அந்த நிலத்தை வைத்துக் கடன் பெறுவது கடினமாகும். 2024 அக்டோபரில் ஹரியானா அரசு, எரித்தவர் அடுத்த இரண்டு பருவங்களுக்கு மண்டியில் தம் விளைச்சலை விற்க முடியாது என்று ஆணையிட்டது. குறைந்தபட்ச ஆதரவு விலைக் கொள்முதலை நம்பிப் பயிர் செய்பவருக்கு இது அபராதத்தைவிடப் பல மடங்கு பெரிய அடி. இத்தகைய தண்டனைக்கான குறிப்பை எழுத வேண்டியவரோ அதே வட்டாரத்தில் வாழும் கீழ்நிலை அலுவலர். ஒரு குடும்பத்தின் இரண்டு பருவ வருமானத்தைத் தன் பேனாவால் முடக்க வேண்டும் என்றால், அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதற்கே காரணங்கள் அதிகம். 

உயர்மட்டத்திலும் இதே கதைதான். 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் காற்றுச் சட்டத்திலும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் பெரும்பாலான மீறல்களுக்குச் சிறையை நீக்கிவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை வைத்தது. பழைய சட்டத்தோடு ஒப்பிட்டால் தொகை பிரம்மாண்டம். ஆனால் அதை விதிக்க வேண்டிய தீர்ப்பளிக்கும் அலுவலர்களும் நடைமுறை விதிகளும் உரிய நேரத்தில் வராததால், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் தண்டனைப் பிரிவு பல்லில்லாமல் போய்விட்டது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. 15 லட்சம் என்று எழுதிவைத்து எவரும் வசூலிக்காமல் இருப்பதைவிட, 500 ரூபாயை ஒவ்வொரு முறையும் தவறாமல் வசூலிப்பது வலிமையான சட்டம்.

3. தீ மூட்டும் கட்டாயத்தை உருவாக்கியவர்கள் வேறு

பஞ்சாப் உழவர் ஏன் எரிக்கிறார் என்பதற்குப் பாதி விடை 2009ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தில் இருக்கிறது. நிலத்தடி நீர் வற்றுவதைத் தடுக்க, ஜூன் 10க்கு முன் நெல் நடவு கூடாது என்று பஞ்சாப் சட்டம் இயற்றியது. ஹரியானாவும் அதே ஆண்டில் இதைப் போன்ற சட்டம் கொண்டுவந்தது. கோடை வெயிலில் நட்டு நீரை வீணாக்காமல் பருவமழையை ஒட்டி நட வேண்டும் என்ற நோக்கம் நல்லது. ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் அக்டோபர் பிற்பகுதிக்குத் தள்ளிப்போனது. கோதுமை விதைப்பு நவம்பர் நடுப்பகுதிக்குள் முடிந்தால்தான் விளைச்சல் நிற்கும். இரண்டுக்கும் நடுவே கிடைப்பது இரண்டு, மூன்று வாரம். அதற்குள் வயல் காலியாக வேண்டும். அந்த வாரங்களில்தான் காற்றும் அடங்கி, குளிர்காற்று புகையைத் தரைமட்டத்திலேயே பிடித்துவைக்கிறது. புகை மிகுந்த சில நாள்களில் தில்லிக் காற்றிலுள்ள நுண்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வயல் புகையிலிருந்து வருவதாக அரசின் கணிப்புகளே காட்டியிருக்கின்றன. நீரைக் காக்க வந்த ஒரு சட்டம், காற்றைக் கெடுக்கும் குற்றத்துக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டது.

மீதி விடை இயந்திரத்திலும் விலையிலும் இருக்கிறது. கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு போகும் பெரிய அறுவடை இயந்திரம், வேரோடு ஒட்டிய தாளை நிறுத்திவிட்டு உதிர்ந்த வைக்கோலை வயலெங்கும் இறைக்கிறது. பாசுமதி தவிர்த்த நெல்லின் வைக்கோலில் மணற்சத்தான சிலிக்கா அதிகம் என்பதால், கோதுமை வைக்கோல் கிடைக்கும் அந்த மண்ணில் அதை மாட்டுக்குப் போட விரும்புவோர் குறைவு. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் நெல் வைக்கோல் பஞ்சாபில் சேர்கிறது. நெல்லை விளைவிக்க ஊக்கம் தந்தது ஆதரவு விலையும் இலவச மின்சாரமும். அந்த நெல் போய்ச் சேர்ந்தது நாடு முழுவதற்குமான உணவுக் கிடங்குக்கு.

இதைக் காவிரிப் படுகையோடு ஒப்பிட்டால் விளங்கும். இங்கே சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பாகவே, ஈரம் காயாத வயலில் உளுந்தையும் பயறையும் விதைத்துவிடுவது நெடுநாள் வழக்கம். அடுத்த பயிர் ஏற்கெனவே மண்ணில் இருப்பதால் வயலைக் கொளுத்துவதற்கு அவசியமில்லை. வைக்கோலோ மாடு வளர்ப்போருக்கு விலைபோகும் சரக்கு. அறுவடை முடிந்ததும் அதைக் கட்டுக் கட்டாகச் சுருட்டும் இயந்திரம் வயலில் இறங்குகிறது. இங்கும் எரியும் வயல்கள் இல்லாமல் இல்லை. ஆயினும் அது ஒரு மாநிலத்தின் வானத்தை மூடும் நிகழ்வாகவில்லை. தஞ்சை உழவர் சட்டத்துக்குக் கூடுதலாக அஞ்சுபவர் என்றோ, பஞ்சாபின் சங்ரூர் உழவர் மனச்சாட்சி குறைந்தவர் என்றோ இதற்குப் பொருள் இல்லை. பயிர் நாள்காட்டியும் வைக்கோல் சந்தையும் இரு இடங்களிலும் வேறு. நடத்தையைத் தீர்மானிப்பது அவை என்றால், அவற்றைத் தீர்மானிப்பவர்களையும் தண்டனைச் சட்டம் தொட வேண்டும்.

4. பொறுப்பு தன்மேல் விழும்போது நிர்வாகம் அசைகிறது

இந்தக் கருத்துக்கு வலுவான சான்று 2024இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியானது. ஜெம்மா டிபோப்பா, சாத் குல்சார் ஆகிய இருவரும் தெற்காசியாவின் வயல் தீகளையும் காற்றின் திசையையும் ஒப்பிட்டார்கள். புகை அடுத்த நிர்வாக எல்லைக்குள் போகும் நிலையில் காற்று வீசினால் எரிப்பு 15 விழுக்காடு கூடுகிறது. தன் எல்லைக்குள்ளேயே புகை தங்கும் நிலையில் 14.5 விழுக்காடு குறைகிறது. ஒரே மாவட்டம், ஒரே சட்டம், ஒரே அபராதம். மாறியது காற்றின் திசை மட்டும். புகையின் கேடும் அதற்கான முறையீடும் தன் வாசலுக்கு வரும் என்று தெரிந்தால் அதிகாரி தடுக்கிறார்; பக்கத்து மாவட்டத்துக்குப் போகும் என்றால் விட்டுவிடுகிறார். நிர்வாகம் நடவடிக்கை எடுத்த இடங்களில் பிறகு வரும் தீகள் 13 விழுக்காடு குறைந்தன என்பதையும் அவர்கள் கண்டார்கள். தண்டனை வேலை செய்யும் என்பதை இந்த ஆய்வு மறுக்கவில்லை. அதை இயக்க வேண்டியவருக்கும் ஒரு தூண்டுதல் தேவை என்பதையே காட்டுகிறது.

சட்டம் இந்தத் திசையில் சில அடிகள் வைத்திருக்கிறது. 2018இல் பஞ்சாப் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வைக்கோலைச் சிதைத்துச் சீராகப் பரப்பும் இணைப்புக் கருவி இல்லாத அறுவடை இயந்திரங்கள் இயங்கக் கூடாது என்று ஆணையிட்டது. லட்சக்கணக்கான வயல்களைக் காவல் காப்பதைவிட இயந்திர உரிமையாளர்களைச் சோதிப்பது எளிது. 2023இல் வந்த விதிகள், தில்லியிலிருந்து 300 கிலோமீட்டருக்குள் இருக்கும் அனல் மின்நிலையங்கள் நிலக்கரியோடு குறைந்தது 5 விழுக்காடு பயிர்க்கழிவைக் கலந்து எரிக்க வேண்டும், தவறினால் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும் என்றன. 2024 அக்டோபரில் காற்றுத் தர மேலாண்மை ஆணையம், கடமை தவறிய அலுவலர்கள்மேல் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய மாவட்ட ஆட்சியர்களுக்கு அதிகாரம் கொடுத்தது. அதே மாதம் ஹரியானா வேளாண் துறை 24 அலுவலர்களைப் பணியிடை நீக்கம் செய்தது. திசை சரி. ஆனால் புகார் கொடுக்கும் அதிகாரம் ஆட்சியரிடம், புகாருக்கு ஆளாகிறவர் களப்பணியாளர் என்ற அமைப்பில், பொறுப்பு உழவரிடமிருந்து எழும்பி அடுத்த பலவீனமானவர்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வட்டாரத்துக்கு எத்தனை இயந்திரம், எப்போது வர வேண்டும் என்று முடிவு செய்கிறவர் வரை அது ஏற வேண்டும்.

5. குப்பை எரிப்பிலும் முகவரி தவறுகிறது

நகரத்துக் குப்பைக்கு வருவோம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில், அல்மித்ரா படேல் தொடுத்த வழக்கில், திறந்தவெளியில் குப்பையை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று இழப்பீடு நிர்ணயித்தது. அதே ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் தெருவிலும் பொதுவெளியிலும் எரிப்பதைத் தடை செய்தன. ஒரு தெருவில் குப்பை வண்டி வாரக்கணக்கில் வரவில்லை என்றால் அங்கே குப்பை எரியும். வாரிய சருகை ஏற்றிச் செல்ல வண்டியில்லாத தூய்மைப் பணியாளர் ஓரமாகக் குவித்து நெருப்பு வைப்பதும் நாம் அறிந்ததே. விதியின்படி அபராதம் முதலில் விழுவது அந்தக் குடியிருப்பாளர்மேலும் அந்தப் பணியாளர்மேலும்தான். வண்டி அனுப்பாத உள்ளாட்சி அமைப்பு அபராதச் சீட்டைக் கிழிக்கும் அமைப்பாகவும் இருக்கிறது. தன் குறையை மற்றவர் குற்றமாகப் பதிவு செய்யும் அதிகாரம் அதனிடமே இருந்தால், அதன் குறை எங்கும் பதிவாகாது.

தெருவோரச் சருகுக்கும் குப்பைக் கிடங்குத் தீக்கும் உள்ள அளவு வேறுபாட்டையும் நினைக்க வேண்டும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடி கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் கிடங்கின் தீ 12 நாள் அந்நகரை மூச்சுத் திணறவைத்தது. பிரம்மபுரத்துக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிமேல் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. முகவரி சரியானது, ஆனால் அத்தொகை நகரவாசிகளின் வரிப்பணத்திலிருந்தே போக வேண்டும் என்ற சிக்கலும் கூடவே வந்தது. அதற்கான விடையைப் பின்னர் சொல்கிறேன்.

மாற்றுவழி முதலில், தண்டம் பிறகு என்ற வரிசைக்கு நம்மிடமே ஒரு சிறு எடுத்துக்காட்டு உண்டு. 2018 போகியன்று சென்னையைப் புகைமூட்டம் சூழ்ந்து விமானப் போக்குவரத்தே தடுமாறியது. டயர், பிளாஸ்டிக் எரிக்க வேண்டாம் என்ற வேண்டுகோள் ஆண்டுதோறும் வருவதுதான். அண்மைக் காலத்தில் சென்னை மாநகராட்சி, போகிக்கு முன்பே பழைய துணி, டயர் முதலியவற்றைத் தன் பணியாளர்களிடம் ஒப்படைக்கச் சொல்லி வாங்கிக்கொள்கிறது. கொடுப்பதற்கு இடம் இருந்தும் எரிப்பவரைத் தண்டிப்பதில் எவருக்கும் மனக்குறை வராது. தண்டனைக்கு ஒழுக்க வலிமை கிடைப்பது அந்த நிலையில்தான்.

6. மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு நியாயத்தைப் பற்றியது. தில்லியில் ஒரு குழந்தையின் நுரையீரல் கெடுகிறது, அதற்குக் காரணமானவருக்கு வறுமை என்றும் நாள்காட்டி என்றும் சலுகை காட்டலாமா? இக்கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது எரிப்பவரின் வீட்டுக் குழந்தை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நான் விலக்குக் கேட்கவில்லை. இயந்திரம் உரிய நாளில் கிடைத்திருந்தும் எரித்தவர் தண்டம் கட்டட்டும். திரும்பத் திரும்ப எரிப்பவருக்கு அது ஏறட்டும். கேட்டும் கிடைக்காதவரிடம் வாங்கும் தண்டம் குழந்தையின் நுரையீரலைக் காப்பதில்லை. அடுத்த ஆண்டு மாலை நான்கு மணிக்கு எரிக்கச் சொல்லித்தருகிறது.

இரண்டாவது மறுப்பு: சிறை என்ற அச்சம் இல்லாமல் எவரும் திருந்தமாட்டார்கள். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்திலேயே, சிலரைக் கைது செய்தால் மற்றவர்களுக்குச் செய்தி போய்ச் சேருமே என்ற கேள்வி எழுந்தது. இதற்கு 2020இன் அனுபவமே விடை. ஐந்தாண்டுச் சிறை என்ற பிரிவு இரண்டே மாதத்தில் அரசியல் எதிர்ப்பில் கரைந்தது. மிகப் பலர், மிகக் குறுகிய காலத்தில், ஒரே காரணத்துக்காகச் செய்யும் செயலைச் சிறையால் அடக்க எந்த அரசாலும் முடிவதில்லை. சிலரைப் பொறுக்கியெடுக்கத்தான் முடியும். பொறுக்கியெடுப்பது நியாயமற்றதாகத் தோன்றும்போது ஊர் முழுவதும் சட்டத்துக்கு எதிராகச் சேர்ந்துகொள்கிறது. இந்தோனேசியாவின் 2009ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் எரித்து நிலம் திருத்துவோருக்கு 3 முதல் 10 ஆண்டு வரை சிறை என்றது. 2015இல் அங்கே ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. இழப்பு 1,600 கோடி டாலர் என உலக வங்கி மதிப்பிட்டது. ஆச்சே மாகாணத்தில் சதுப்புக் காட்டை எரித்த ஒரு தோட்ட நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட 36,600 கோடி ரூப்பியா, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகும் பல ஆண்டுகள் வசூலாகாமல் இழுத்தது. அந்தச் சட்டத்தில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்றும் உண்டு: குடும்பத்துக்கு 2 ஹெக்டேர் வரை, தீத்தடுப்பு அரணோடு, மரபுப்படி எரிக்கும் சிறு உழவரையும் பெருந்தோட்ட நிறுவனத்தையும் அது பிரித்துப் பார்க்கிறது.

மூன்றாவது மறுப்பு பொருளியலாளர்களுடையது. எரிக்காமல் இருக்கப் பணம் கொடுத்தால், சட்டத்தை மதிப்பதற்குக் கூலி கொடுப்பதாகாதா? 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, எரிக்காத சிறு உழவர்களுக்குப் பாசுமதி அல்லாத நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் தரச் சொன்னது. அதே ஆண்டில் பஞ்சாபின் 171 கிராமங்களில் பொருளியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். எரிக்கவில்லை என்று சரிபார்த்த பின் பணம் என்ற ஒப்பந்தம் எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. தொகையில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்த கிராமங்களில் எரிக்காதவர்களின் பங்கு 10 சதவீதப் புள்ளி கூடியது. இயந்திர வாடகை அறுவடை நாளிலேயே கையில் வேண்டும். அரசு பிறகு தரும் என்ற வாக்குறுதியை நம்ப அவர்களுக்குக் காரணம் இல்லை. கூலி என்று இதைப் பழிப்பதைவிட, சட்டம் கேட்கும் செயலைச் செய்வதற்கான செலவை உரிய நேரத்தில் பகிர்ந்துகொள்வது என்று பார்ப்பதே பொருந்தும். முன்பணம் வாங்கியும் எரித்தவரிடம் அதைத் திரும்பப் பெறுவதற்கான பிரிவு சட்டத்தில் இருக்கட்டும்.

நான்காவது, நான் ஒத்திவைத்த மறுப்பு. அமைப்புகளைத் தண்டித்தால் கட்டுவது வரி செலுத்துவோர்தானே? தொகையைக் கருவூலத்தில் கட்டச் சொன்னால் அப்படித்தான் ஆகும். தண்டத்தொகையைத் தனிக் கணக்கில் பூட்டி, எந்தக் குறைக்காக அது விதிக்கப்பட்டதோ அந்தக் குறையைத் தீர்க்கவே செலவிட வேண்டும், செலவைத் தீர்ப்பாயம் சரிபார்க்கும் என்றால், வரிப்பணம் வரி கட்டியவருக்கே குப்பை வண்டியாகத் திரும்பிவரும். அதோடு, பொறுப்பான உயர் அலுவலரின் பணிப்பதிவில் அந்தத் தவறு இடம்பெற வேண்டும். அமைப்பின் பணம் தனிமனிதரைச் சுடுவதில்லை, பணிப்பதிவு சுடும்.

7. சட்டத்தில் மாற வேண்டியவை

இவற்றைத் திருத்தங்களாகச் சொல்கிறேன். ஒன்று, பொறுப்பின் வரிசை. மாற்று வசதி உரிய காலத்தில் கிடைத்தது என்பதை நிர்வாகம் நிறுவிய பிறகே தனிமனிதர்மேல் தண்டம் விதிக்கலாம். நிறுவ முடியாவிட்டால் அதே நிகழ்வுக்காக நிர்வாகம் இழப்பீடு கட்ட வேண்டும். உழவர் இயந்திரத்துக்குப் பதிவு செய்த நாளும், குடியிருப்பாளர் குப்பை எடுக்கவில்லை என்று புகார் செய்த நாளும் இதற்குச் சான்றாகும். இரண்டு, தனிமனிதருக்கான முதல் தண்டம் சிறியதாக, சில நாள்களுக்குள் விதிக்கப்படுவதாக, ஒவ்வொரு மறுமுறைக்கும் ஏறுவதாக இருக்க வேண்டும். நிலப் பதிவேட்டுக் குறிப்பு, மண்டித் தடை போன்ற வாழ்வாதாரத் தண்டனைகளை நீக்க வேண்டும். மூன்று, பெருங்கழிவை உண்டாக்குவோர், அறுவடை இயந்திர உரிமையாளர்கள், பயிர்க்கழிவை வாங்கக் கடமைப்பட்ட ஆலைகள், கிடங்கை நடத்தும் ஒப்பந்ததாரர்கள் ஆகியோருக்கு இப்போதுள்ள 15 லட்சம் வரையான தண்டத்தொகை முழுதாகப் பொருந்தட்டும். அதை விதிக்கும் அலுவலரை நியமிக்காத அரசு காலக்கெடுவுக்குக் கட்டுப்படட்டும். நான்கு, வெற்றியைத் தீ எண்ணிக்கையால் அளக்காமல் எரிந்த பரப்பால் அளக்க வேண்டும். பிற்பகல் ஒன்றரை மணிக்கு மட்டும் கண் திறக்கும் அளவுகோல், ஏமாற்றுபவருக்குப் பரிசும் நேர்மையாகப் பதிவு செய்யும் அலுவலருக்குத் தண்டனையும் தந்துகொண்டிருக்கும்.

இந்தத் திருத்தங்களை நிர்வாகங்கள் விரும்பப் போவதில்லை. அபராதத் தொகையை இரட்டிப்பாக்கும் அறிவிப்புக்கு ஒரு நாள் போதும், செலவும் இல்லை, கண்டிப்பானவர்கள் என்ற பெயரும் கிடைக்கும். பொறுப்பை மேல்நோக்கி நகர்த்தும் சட்டம், அதை எழுதுகிறவர்களையே கட்டுப்படுத்தும். தொகை மட்டும் திரும்பத் திரும்ப மாறுவதற்கும் மற்றவை மாறாமல் இருப்பதற்கும் இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. எனவே சட்டம் பயிலும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எரிப்புக்கான தண்டனையைத் திருத்தும் மசோதா ஒன்று அடுத்த முறை வரும்போது, அதில் எத்தனை ரூபாய் என்ற வரியை விட்டுவிட்டு, யார் கட்ட வேண்டும், யார் விதிக்க வேண்டும், விதிக்காதவருக்கு என்ன நேரும் என்ற மூன்று வரிகளைத் தேடுங்கள். மூன்றாவது வரி அதில் இல்லையென்றால், முதல் இரண்டும் எவ்வளவு கடுமையாக எழுதப்பட்டிருந்தாலும், அடுத்த அக்டோபரில் புகை வரும்.